காய்ச்சல் கணக்கு

டிசம்பர் 9, திங்கள்

சனிக்கிழமை பிடித்த காய்ச்சல் மகளுக்கு இன்னும் விடவில்லை. விடிய ஆறரைக்கே அரசாங்க ஆசுப்பத்திரியில் துண்டு எடுத்தும், டொக்டர் பார்க்கும்போது பதினொரு மணி. பனடோல் தவிர வேறொன்றும் கொடுக்காதேங்கோ, இரத்தம் பாருங்கோ என்றார். அங்கே மெஷின் பழுதாம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து லாபில் இரத்தத்துக்கும் டெங்கு அன்ரிஜனுக்கும் சேர்த்து 1,600 ரூபா. என் கணவருடைய ஒரு நாள் கூலி 2,500. இன்றைக்கு அதுவும் இல்லை.

ரிப்போட் கைக்கு வர நாலு மணியாகிவிட்டது. டெங்குதான். பயத்தில் தனியார் இடமொன்றில் காசு கட்டி டொக்டரைப் பார்க்க சனல் பண்ணினோம். உள்ளே போனால், காலையில் பார்த்த அதே டொக்டர்! அவருக்கு 2,000, அந்த இடத்துக்கு 500. மருந்து புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் வயிற்றுநோ, சத்தி வந்தால் உடனே கொண்டுவரவேண்டும் என்று பத்து நிமிடம் இருந்து விளங்கப்படுத்தினார். காலையில் அவருக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. வரிசை வாசல் தாண்டி நின்றது. நாங்கள் 2,500 கொடுத்து வாங்கியது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

டிசம்பர் 11, புதன்

நேற்று இரவு மூன்று தரம் சத்தி. ஓட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. 1990 க்கு அடித்தோம். 2018 இல் எங்கள் வடக்கு மாகாணத்துக்கு வந்த அம்புலன்ஸ் சேவை, காசு இல்லை. சேற்று ஒழுங்கைக்குள் வரமாட்டாது என்றுதான் நினைத்தேன். வந்தது.

டிசம்பர் 12, வியாழன்

வார்ட்டில் நுளம்பு வலைக்குள் இருக்கிறோம். கட்டில் தலைமாட்டில் ஒரு தாள். மகள் எத்தனை மில்லிலீற்றர் குடித்தாள், எத்தனை சலம் போனாள் என்று நான்தான் எழுதவேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பிடித்து என் கண் பூத்துவிட்டது. ஜீவனி உப்புச்சீனிக் கரைசலைக் கண்டாலே வாயை இறுக்கிப் பொத்துகிறாள்.

இன்று காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று இருந்தேன். வார்ட் நேர்ஸ் மிஸ்ஸி சொன்னா: "இப்பதான் கவனம் அம்மா. காய்ச்சல் விடேக்கதான் டெங்கு ஆளைக் கவிழ்க்கும்." இரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் 118,000 இலிருந்து 62,000 க்கு இறங்கியிருக்கிறது. காலை, மாலை, நடுச்சாமம் என்று இரத்தம் எடுக்கிறார்கள். ஒன்றுக்கும் பில் இல்லை. இதையே வெளி லாபில் பார்த்திருந்தால் என் காப்பு அடகுக்குப் போயிருக்கும்.

பக்கத்துக் கட்டில் பிள்ளை முதலில் தனியாரில்தான் இரண்டு நாள் இருந்ததாம். பிளேட்லெட் இறங்கியதும் இங்கே அனுப்பிவிட்டார்களாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். அப்பம்மா பப்பாளி இலைச் சாறு இடித்து வைத்திருந்தா. மகள் சொல்ல முன்னமே நான் வேண்டாம் என்றேன், அப்பம்மாவுக்குக் கோபம்.

கொப்பியில் எழுதிக் கூட்டினேன். லாப் 1,600, சனல் 2,500, ஓட்டோ 3,000, கன்ரீன் சாப்பாடு 2,200. இவர் வேலைக்குப் போகாத ஐந்து நாள், 12,500. மொத்தம் 21,800. இதில் ஆசுப்பத்திரி எங்களிடம் வாங்கியது ஒரு சதமும் இல்லை. என்றாலும் கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினேன்.

டிசம்பர் 18, புதன்

கிணற்றடியில் கிடந்த சிரட்டை, தயிர்ச்சட்டி எல்லாம் பொறுக்கி எறிந்தோம். பின்னேரம் சின்னவனுக்கு உடம்பு சுடுகிறது. பனடோல் கொடுத்துவிட்டு, 1,600 ரூபாவை எண்ணி அரிசி வாளிக்குள் வைத்தேன். இரத்தம் பார்க்கிற மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை வருகிறது.