வலது யாருக்கு வலது?

உடற்கூறியலில் வலமும் இடமும் நோயாளியுடையவை, பார்ப்பவருடையவை அல்ல. மார்பு எக்ஸ்ரேயை நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல மாட்ட வேண்டும். அப்போது இதயத்தின் முனை நம் வலக்கைப் பக்கம் தெரியும். அது அவருடைய இடப்பக்கம். சிடி ஸ்கேன் குறுக்குவெட்டும் கால்மாட்டிலிருந்து பார்ப்பதாகவே அமையும், அதனால் நோயாளியின் வலப்பக்கமுள்ள கல்லீரல் படத்தின் இடப்பக்கம் வரும்.

இதயத்தை வைத்தே பக்கத்தை முடிவு செய்துவிடாதீர்கள். டெக்ஸ்ட்ரோகார்டியா உள்ளவருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். படத்தைத் திருப்பி மாட்டி 'நார்மல்' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. படம் எடுக்கும்போதே வைத்த, வலமா இடமா என்று காட்டும் ஈய எழுத்துதான் (R அல்லது L) சாட்சி. பிறகு கணினியில் ஒட்டிய எழுத்தை அந்த அளவு நம்ப முடியாது.

பல் சார்ட்டிலும் அப்படியே: FDI என்னும் பன்னாட்டு பல் எண்முறையில் 16 என்பது நோயாளியின் மேல் வலது முதல் கடைவாய்ப்பல், தாளில் இடப்பக்கம் இருக்கும்.

முன்கைக்கு 'உட்பக்கம், வெளிப்பக்கம்' வேண்டாம். கையைத் திருப்பினால் குழம்பும். கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார். விரல்களுக்கு எண்ணும் வேண்டாம், பெயரையே எழுதுங்கள்: 'மூன்றாம் விரல்' என்றால் ஒருவர் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் ஆள்காட்டி விரலிலிருந்து.