பிக் ஹோல் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

பியூட் நகருக்குத் தெற்கே, டிவைட் என்னும் இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சாலை 43, பிக் ஹோல் ஆற்றை ஒட்டியே வளைந்து செல்கிறது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்த வழியே சென்றோம். வைஸ் ரிவர் என்ற சிற்றூரைத் தாண்டிச் சில மைல்கள் போனதும் மலைகள் இருபுறமும் விலகின. கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மாட்டுப் பண்ணைகளின் புல்வெளி விரிந்தது.

பத்தாயிரம் புற்போர்களின் பள்ளத்தாக்கு என்று இதற்குப் பெயர் உண்டு. பனி மூடும் நீண்ட மாதங்களில் மாடுகளுக்கு வேண்டிய உலர்ந்த புல்லைக் கோடையிலேயே அறுத்துப் போராகக் குவித்துவிடுகிறார்கள். அதற்கென்றே இந்தப் பள்ளத்தாக்கில் உருவாகி, 1910-இல் காப்புரிமை பெற்ற மரச்சாதனம்தான் பீவர்ஸ்லைடு. ஏறத்தாழ முப்பது அடி உயரச் சரிவுச் சட்டம் அது. கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை உடனே பிடிபடும்: குதிரைகள் வடத்தை இழுத்துக்கொண்டு விலகிப் போகப் போக, புல் நிறைந்த தட்டு சரிவில் ஏறி, உச்சியில் கவிழ்ந்து, மறுபுறம் போரின்மேல் கொட்டுகிறது. வேலியோரம் நின்ற பழைய சாதனம் ஒன்றை அருகில் பார்த்தேன். லாட்ஜ்போல் பைன் கழிகள் வெயிலிலும் பனியிலும் வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தன.

விஸ்டம் என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மேலும் பத்து மைல் சென்றால் பிக் ஹோல் போர்க்களம் வருகிறது. குவியலுக்கும் சண்டைக்கும் தமிழில் போர் என்ற ஒரே சொல்தான் என்பது அங்கே நின்றபோது நெஞ்சை உறுத்தியது. அமெரிக்க ராணுவத்திடமிருந்து தப்பி மலை கடந்து வந்த நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள், இனி ஆபத்தில்லை என்று நம்பி இங்கே தங்கி, கூடாரங்களுக்குப் புதிய கழிகள் வெட்டினார்கள். 1877 ஆகஸ்ட் 9 விடியற்காலையில், உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது கர்னல் ஜான் கிப்பனின் படை பாய்ந்தது. மாண்ட நெஸ் பெர்ஸ் மக்கள் அறுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்டவர்கள் எனக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும்.

அவர்கள் தங்கிய ஆற்றோரத்தில் இன்று துணி போர்த்தாத கூடாரச் சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. வெட்டவெளியில் வெளிறிய அந்தக் கழிகளில் ஒன்றை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பீவர்ஸ்லைடில் பார்த்த அதே மரம், அதே சாம்பல் நிறம். காற்று திரும்பியபோது உலர்ந்த புல்லின் வாசம் வந்தது.