500 ஏக்கர்: சவானா நாட்குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு

மகள் இருக்கும் ஊர் என்பதால், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவின் கதையைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறேன். 1732இல் ஜார்ஜியா குடியேற்றத்துக்கான சாசனத்தைப் பிரிட்டிஷ் அரசர் கொடுத்தது லண்டன் அறங்காவலர் குழு ஒன்றுக்கு. மறு ஆண்டே குழுவில் ஒருவரான ஓகில்தார்ப் ஆட்களோடு வந்து இந்த ஊரை அமைத்துவிட்டார். குழுவினருக்குச் சம்பளம் கிடையாது, இங்கே ஒரு ஏக்கர்கூட அவர்கள் வாங்கக் கூடாது. தர்மச் செலவில் வந்த குடும்பத்துக்கு 50 ஏக்கர். சொந்தக் காசில் வந்தவர்களுக்கும் 500க்கு மேல் கிடையாது. ரம்முக்குத் தடை, அடிமைகளுக்கும் தடை. பட்டு வளர்த்துப் பிழைக்கட்டும் என்று மல்பெரி நட்டார்கள். குழுவின் முத்திரையிலேயே பட்டுப்புழுதான்!

அடிமைத் தடைக்கு முழுக் காரணம் இரக்கம் என்று சொல்ல முடியாது. தெற்கே புளோரிடாவில் ஸ்பெயின்காரர்கள். வடக்கே அடிமைமுறை இருந்த கரோலினாவிலிருந்து அடிமைகள் தப்பி வந்தால் புளோரிடாவில் விடுதலை. எல்லையைக் காக்கத் துப்பாக்கி பிடிக்கிற குடியானவர்கள் தேவைப்பட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

பட்டு ஓடவில்லை. பக்கத்துக் கரோலினாவில் நெல் பணமாகக் கொட்டுவதைப் பார்த்தவர்கள் அடிமை வேண்டும் என்று மனுமேல் மனு போட்டார்கள். எதிர்மனுவும் இருந்தது: டேரியன் ஊர் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1739இல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எபெனேசரில் குடியேறிய ஜெர்மானியர்களின் போதகர் போல்ட்சியஸும் வெகுநாள் எதிர்த்தார், கடைசியில் இறங்கி வந்தார். அவர் ஹாலே நகரத்திலிருந்து வந்தவர். சீகன்பால்கு காலத்திலிருந்தே நம் தரங்கம்பாடிக்குப் போதகர்களைத் தயார் செய்து அனுப்பிய அதே ஹாலே.

எனக்கு ஆத்திரம் வந்தது வைட்ஃபீல்டு மேல்தான். இங்கே அநாதை இல்லம் நடத்திய பிரசங்கி. அதன் செலவுக்காகக் கரோலினாவில் அடிமைகளோடு ஒரு தோட்டம் வைத்துக்கொண்டு, இங்கேயும் தடையை நீக்கச் சொன்னார்.

1751 தொடக்கத்தில் தடை போனது. 1752இல் குழு சாசனத்தை அரசரிடமே ஒப்படைத்தது. ஆக, கதவைத் திறந்தது அரசர் இல்லை, தர்மவான்களே.

மார்ச் 15, சனி

மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் முதலையைத் தேட, நான் வரப்பைத் தேடினேன். தேடவே வேண்டாம், கார் ஓடுவதே பழைய நெல்வயல் கரைமேல்தான்.

மதகு ஒன்றைக் குனிந்து பார்த்தேன். கரைக்கு அடியில் நீளமான மரப்பெட்டி, இரண்டு முனையிலும் கதவு. கடல் ஏற்றத்தில் ஆற்றின் நல்ல தண்ணீர் மேலே எழும்பும். வெளிக்கதவைத் தூக்கினால் அந்த வேகமே உள்கதவைத் தள்ளித் திறந்து வயலை நிரப்பும். ஏற்றம் வடியும்போது வயல் தண்ணீரே உள்கதவை அழுத்தி மூடிவிடும். இறைவை கிடையாது. வடிக்க வேண்டுமா, அடுத்த வற்றத்தில் மாற்றித் திறந்தால் சரி. கடலுக்குக் கிட்டே போனால் உப்பு, தள்ளிப்போனால் ஏற்றம் எட்டாது. இடைப்பட்ட குறுகிய பட்டைதான் பொன்விளையும் பூமி. கடைமடையில் கடல்நீர் ஏறுகிறதென்று புலம்பியே பழகிய எனக்கு இது புதுசு.

சதுப்பில் சைப்ரஸ் மரங்களை வெட்டிச் சாய்த்து, முழங்கால் சேற்றில் நின்று இந்தக் கரைகளைப் போட்டவர்கள் அடிமைகள். நெற்கரை என்றே பெயர் பெற்ற மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் தலைமுறையாக நெல் போட்டவர்களும் அவர்களில் உண்டு. கரோலினாத் துறைமுகமான சார்ல்ஸ்டனின் ஏல விளம்பரங்களில் அதையே தகுதியாகப் போட்டு விற்றார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் அரச ஆளுநர் ரெனால்ட்ஸ் 1754இல் வந்தார், கடற்படைக்காரர். எல்லோரோடும் சண்டை பிடித்துத் திரும்பினார், அவரை விடலாம். அவர் காலத்துச் சட்டங்கள்தான் விஷயம். 1755இல் சட்டமன்றம் கூடியது. ஓட்டுப் போட 50 ஏக்கர் வேண்டும், உறுப்பினராக 500. குழு காலத்தில் உச்சவரம்பாக இருந்த அதே 500, இப்போது வாசற்படி! குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், கூட இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் 50. அடிமையும் தலைக்கணக்கில் உண்டு. நிலம் மட்டும் எஜமானுக்கு. அடிமைகள் நிறைய வைத்திருந்த கரோலினாக்காரர்கள் எல்லையான சவானா ஆற்றைத் தாண்டி வராமல் என்ன செய்வார்கள்? அதே ஆண்டு கரோலினாவின் மாதிரியில் அடிமைச் சட்டமும் வந்தது. 1775 வாக்கில் ஜார்ஜியா குடியேற்றத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அடிமைகள்.

1760இல் வந்த ஆளுநர் ரைட் திறமைசாலி என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். திறமைதான். பதவியில் இருந்தபடியே 11 தோட்டங்களையும் 500க்கு மேற்பட்ட அடிமைகளையும் சேர்த்துக்கொண்டார்.