விழலாம் என்று சொன்னேன்

ஆன்லைன் கடையில் ஒரு வகைப் பொருள்களை வரிசையாகக் காட்டுகிற கேட்டகரி பேஜின் டிசைனை மாற்றினால் ரேங்க், அதாவது கூகுள் தேடலில் அது வருகிற இடம், விழுமா என்று யார் கேட்டாலும் "விழலாம்" என்றுதான் சொல்வேன். தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவருகிற எஸ்இஓ வேலையில் இருக்கிற எல்லோரும் அப்படித்தான். விழவே விழாது என்று எழுதிக் கொடுக்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மீட்டிங்கை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

போர்வை, பெட்ஷீட், துண்டு, ஜமக்காளம் விற்கிற கடை. கடைக்கு வெளியே நடக்கிற வியாபாரம் பெரும்பாலும் கூகுளில் தேடி வருகிறவர்களால்தான். டிசைனர் பெண் புதிய மாதிரியைத் தன் போனிலேயே எடுத்துக் காட்டினார். பழைய பக்கத்தில் மேலே ஆறு வரிக்கு ஒரு பத்தி, கீழே சின்னச் சின்னப் படங்கள், அடியில் 1, 2, 3 என்று பக்க எண்கள். புதியதில் பத்தி கிடையாது. வரிசைக்கு இரண்டே படம், நூல் இழை தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் எடுத்தது. பக்க எண்கள் இருந்த இடத்தில் 'மேலும் காட்டு' என்று ஒரு பட்டன்.

சும்மா அழகுக்காகச் செய்ததில்லை. கடையில் பில் போடக் காத்திருந்தவர்களிடம் போனைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பத்தியை ஒருத்தர்கூடப் படிக்கவில்லை, கட்டைவிரலால் ஒரே தள்ளு. பக்க எண்ணைத் தொட்டது ஒரே ஓர் அம்மா. அவரும் 2-ஐத் தொடப் போய் 3-ஐத் தொட்டுவிட்டு, "பாத்துட்டு இருந்தது எங்க போச்சு கண்ணு?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ரேங்க் ஒண்ணும் விழுந்துடாதுங்களே?"

"விழலாம்ங்க."

அத்தோடு பேச்சு முடிந்தது. மேற்கொண்டு நான் விளக்க ஆரம்பித்தேன், ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை. "அப்ப பெட்ஷீட் பக்கத்துல கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

விளக்க நினைத்தது இதுதான். தளங்களைப் படித்துப் போக கூகுள் அனுப்புகிற நிரல்தான் கூகுள்பாட். அது பட்டனை அழுத்தாது, நம்மைப் போல ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டும் போகாது. ஹெச்ரெஃப், அதாவது போக வேண்டிய முகவரி, உள்ள லிங்க் இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். 'மேலும் காட்டு' வெறும் ஜாவாஸ்கிரிப்ட் பட்டனாக இருந்தால், இரண்டாம் பக்கத்திலும் அதற்குப் பின்னாலும் இருக்கிற போர்வைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற சைட்மேப்பில் இருக்குமே என்பார்கள். இருக்கும்தான், ஆனால் சொந்தத் தளத்திலேயே யாரும் லிங்க் கொடுக்காத பக்கத்துக்குப் பெரிய மதிப்பு கிடைக்காது. முன்பு அடுத்த பக்கம் எது, முந்தைய பக்கம் எது என்று காட்ட ரெல் நெக்ஸ்ட், ரெல் ப்ரீவ் என்று குறித்து வைப்போம். அவற்றைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று 2019-ல் கூகுளே சொல்லிவிட்டது. ஆக, நம்பக்கூடியது சாதாரண லிங்க் ஒன்றுதான். என் பயம் கற்பனையில்லை.

அதே சமயம் இதைச் சரிசெய்ய வழி இல்லாமலும் இல்லை. பார்வைக்குப் பட்டன், உள்ளே லிங்க். அழுத்துகிறவருக்கு அதே பக்கத்தில் மேலும் பொருள்கள் வந்து சேரும், கூகுள்பாட்டுக்கு இரண்டாம் பக்கத்தின் தனி முகவரி கிடைக்கும். எது அசல் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்கிற கேனானிக்கலை அந்தந்தப் பக்கத்துக்கே வைக்க வேண்டும், எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. பெரிய வேலையில்லை. ஆனால் டெவலப்பர் ஒரே ஆள், அவர் கையில் பேமென்ட் வேலை பாதியில் நின்றது.

உறுத்துவது டெக்னிக்கல் விஷயம் இல்லை. அந்தப் பெண் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் சொன்னது நடக்கக்கூடிய ஒன்றை. நடக்கக்கூடியது பார்த்ததை ஒரே நொடியில் தோற்கடித்துவிட்டது. இருப்பதை இழந்துவிடுவோமோ என்று முதலாளி பயப்படுவது இயல்பு, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என்னைக் குறை சொல்லலாமா? கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பல தடவை யோசித்தாயிற்று. "விழாது" என்றால் அது பொய். "தெரியாது" என்றால், பிறகு எதற்கு என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்?

வேடிக்கை என்னவென்றால், உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்தப் பெண்ணின் டிசைனில் நிறம், அளவு, விலை என்று ஃபில்டர்கள் இருந்தன. பத்து நிறம், நாலு அளவு, ஐந்து விலைப் பிரிவு என்றால் ஒரே கேட்டகரிக்கு 200 கலவை. ஒவ்வொன்றும் தனி முகவரியாகத் திறந்து கிடந்தால் கூகுள்பாட் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி மீட்டிங்கில் ஒரு கேள்வி வரவில்லை. பிறகு நானும் டெவலப்பரும் பேசி அடைத்தோம்.

மற்றதில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. பத்தியை எடுக்காமல் பொருள்களுக்குக் கீழே இறக்கினோம். பெரிய படங்களால் பக்கம் கனக்கும், முதல் பெரிய படம் இரண்டரை விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்றேன். டிசைனரே எல்லாவற்றையும் வெப்பி என்கிற எடை குறைந்த பட வடிவத்தில் சுருக்கினார். படம் வந்து இறங்கும்போது கீழே இருப்பது குதிக்காமலிருக்க அகலம், உயரம் குறித்தார். முதல் வரிசைக்கு மட்டும், பார்வைக்கு வரும்போதுதான் படத்தை இறக்குகிற லேஸி லோடிங்கை எடுத்துவிட்டார். சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்தார். அது வேறு எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

முழு டிசைனையும் ஒரே ஒரு கேட்டகரியில் போட்டுப் பார்க்க முதலாளி சம்மதித்தார்: ஜமக்காளம். பொருள்கள் குறைவு, எல்லாமே இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், போனால் பெரிய நஷ்டமில்லை. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் அந்தப் பெரிய படங்களில் பளிச்சென்று இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடியில் போட்டோம். ஆவணியில், தேடல் கணக்கைக் காட்டுகிற கூகுளின் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன், அதாவது தேடலில் நம் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை, ஏறியது, கிளிக் ஏறியது, ஆர்டரும் ஏறியது.

"அண்ணா, பாத்தீங்களா?" என்று டிசைனரிடமிருந்து மெசேஜ் வந்தது.

"முகூர்த்த மாசம்மா" என்று பதில் போட்டேன்.

அதுவும் பொய்யில்லை. கல்யாணம் வந்தால் ஜமக்காளம் தேடுவார்கள். தேடலில் நம் இடம் மாறவே இல்லை, அப்படியிருக்க இம்ப்ரெஷன் ஏறினால் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். முந்தைய ஆவணியோடு ஒப்பிடலாம் என்றால், அப்போது ஜமக்காளம் ஸ்டாக்கே இல்லை. வந்தவர்களில் வாங்கினவர்களின் விகிதமும் கூடியிருக்கிறதே என்று அவர் கேட்டார். கல்யாணத்துக்கு வேண்டும் என்று வருகிறவர் எந்தப் பக்கமாக இருந்தாலும் வாங்குவார் என்றேன். இரண்டு பேரிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் எண்கள் விழுந்திருந்தால், ஆடி மாதம், அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லியிருப்பேனா? டிசைன்தான் காரணம் என்று அன்றைக்கே ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.

அந்தப் பெண் பிறகு பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். டெவலப்பருக்குக் கை ஒழிந்ததும் பெட்ஷீட் பக்கத்துக்கும் அந்தப் பட்டனுக்குள் லிங்க் வைத்துக் கொடுத்துவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க தம்பி?" என்றார். நல்லாத்தான் ஓடுகிறது. நான் தடுத்ததால் ஓடுகிறதா, மாற்றியிருந்தாலும் இப்படித்தான் ஓடியிருக்குமா என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வற்புறுத்தினால் ரேங்கைப் பற்றி மறுபடியும் கேட்பார். லிங்க்கை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் அதற்கு என் பதில் மாறாது. அதனால் விட்டுவிட்டேன்.