இராவணன் வெட்டில் கேட்ட கேள்வி

1976 ஆம் ஆண்டு, நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, எமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்களைத் திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். வழிபாடு முடிந்ததும் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கமாக எங்களை நிறுத்தி, கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் அந்தப் பாறையை நெடுநேரம் பார்க்க வைத்தார். "சேர், இந்தக் கல்லுக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று நான் கேட்டேன். "இராது தம்பி, இது வெந்த கல்லு" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஓர் உயிர் உயிர்ச்சுவடாக வேண்டுமானால், அது இறந்த பின் நரியும் நண்டும் தின்று முடிப்பதற்குள் சேறோ மணலோ அதை மூட வேண்டும். அந்தச் சேறு மேலும் மேலும் படிந்து அடையற் பாறையாக இறுக, நிலத்தடி நீரிலுள்ள கனிப்பொருள்கள் எலும்பின் நுண்துளைகளில் ஊறிக் கல்லாக வேண்டும். எமது ஊர்ப் பாறையோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. முதல் டைனோசர் தோன்றியதே ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களின் சுவடுகள் உண்டென்றாலும், அது டைனோசர்கள் மறைந்து நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் படிந்தது. அவை உலாவிய காலத்து இலைகளின் சுவடுகளைக் காண வேண்டுமானால் புத்தளம் மாவட்டத்துத் தப்போவவுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர் பட்டுத்துணியில் சுற்றிய பொருளொன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அவர் வீட்டுப் பூசையறையில் இருந்த சாளக்கிராமம் அது. கைகழுவி வரச் சொல்லி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். நெய்யும் சந்தனமும் மணத்த கறுப்புக் கல். ஒரு பக்கத்திலிருந்த சிறு துவாரத்துக்குள் உற்றுப் பார்த்தபோது, சக்கரம் போல உள்நோக்கிச் சுருண்ட வரிகள் தெரிந்தன. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் இக்கல்லில் நாம் திருமாலின் சக்கரமாக வணங்கும் அந்தச் சுருள், அமோனைற்று என்னும் கடலுயிரின் ஓட்டுச் சுவடு என்று கூறிவிட்டு, டச்சு பே கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கணவாய் ஓடொன்றை அதன் அருகில் வைத்தார். "ரெண்டும் ஒரே குடும்பம். கணவாய் இன்னும் சந்தையில கிடக்குது. இது ஏன் இல்லாமல் போச்சு?" வகுப்பில் எவரிடமும் விடை இல்லை. தன்னிடமும் இல்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். வணக்கத்துக்குரியதைக் குறைக்காமலே அதை ஆராயவும் முடியும் என்பதை அவரிடம் கண்டதை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் அன்று நேர்மையாகச் சொன்னது சரியே. 1980 இல்தான் பௌதிகவியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் அவருடைய மகன் வால்டரும் தம் குழுவினருடன், இத்தாலியின் குப்பியோ என்னும் ஊரருகே சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையில் ஒரு சென்ரிமீற்றர் அளவே தடித்த களிமண் படையில், பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்னும் உலோகம் வழமையைவிட முப்பது மடங்கு செறிந்திருப்பதை வெளியிட்டார்கள். விண்ணிலிருந்து பெருங்கல் விழுந்தபோது எழுந்த புழுதி படிந்த படை அது என்றார்கள். விழுந்த இடம் மெக்சிக்கோவின் யுகற்றான் குடாநாட்டில், கடலுக்கும் நிலத்துக்கும் கீழே புதைந்துள்ள சிக்சுலூப் பள்ளம் என்பது 1990களில் உறுதிப்பட்டது. அதன் குறுக்களவு சுமார் 180 கிலோமீற்றர்; திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் வரை நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ அவ்வளவு தூரம். 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தப் புழுதி சூரிய ஒளியை மறைத்தது. உயிரினங்களில் முக்காற் பங்கு அழிந்தது. தக்காணத்தில் அக்காலத்தில் பெருகி ஓடிய எரிமலைக் குழம்பின் பங்கு எவ்வளவு என்பது பற்றிய விவாதம் இன்னும் தொடர்கிறது.

எலும்பைக் கண்டால் உருவம் மட்டுமே தெரியும் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன். குஜராத்தில் கிடைத்த ஒரு சுவட்டைப் பற்றி 2010 இல் வாசித்தபோது அந்த எண்ணம் முற்றாக மாறியது. அங்கே நீள்கழுத்து டைனோசரின் கூட்டில், உடைந்த முட்டையொன்றைச் சுற்றி மூன்றரை மீற்றர் நீளப் பாம்பு வளைந்து கிடக்கிறது. அருகில் அரை மீற்றர் அளவான டைனோசர்க் குஞ்சு. மண் சரிந்து அந்தக் கணத்தை அப்படியே மூடியிருக்க வேண்டும். சனஜே என்று பெயரிடப்பட்ட அந்தப் பாம்பு குஞ்சுக்காகக் காத்திருந்ததை நாம் இத்தனை கோடி ஆண்டுகள் கழித்துக் காண்கிறோம். 1996 முதல் சீனாவில் இறகுப் போர்வையுடன் கிடைத்துவரும் சுவடுகளோ, டைனோசர்களின் ஒரு கிளை பறவைகளாக எம்மோடு இன்றும் வாழ்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன.

ஆசிரியரின் கேள்விக்கான விடையும் கடலிலிருந்தே வந்தது. அமோனைற்றுகள் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவை. உலகின் மிகப் பெரிய அழிவான 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அழிவிலும் அவற்றில் ஒரு சில தப்பின. ஆயினும் அவற்றின் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவே. கடலின் மேற்பரப்பில் மிதவை உயிர்களோடு மிதந்து வளர்ந்தவை. ஒளி மறைந்து, கடல்நீர் அமிலமாகி, மிதவை உயிர்கள் மடிந்தபோது அவையும் மடிந்தன. அதே போன்ற சுருள் ஓடுடைய, இன்றும் வாழும் கடலுயிரான நோட்டிலஸ், பெரிய முட்டைகளைச் சிலவாக ஆழத்தில் இட்டதனால் தப்பியது என்பதே ஆய்வாளர் பலரின் விளக்கம். டைனோசர் எலும்பைவிட இந்தச் சிறு ஓடே அழிவின் கதையைத் துல்லியமாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

இலண்டனில் குடியேறிய பின்னர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சார்மவுத் கடற்கரையில், அலை கொண்டுவந்து போட்ட கூழாங்கற்களுக்கு இடையில் நானும் ஓர் அமோனைற்றைக் கண்டெடுத்தேன். இரண்டு சத நாணயம் அளவானது. வயது ஏறத்தாழ 19 கோடி ஆண்டு. உடைந்த பக்கத்தில் அறை அறையாக, கண்ணாடி போன்ற கல்சைற்றுப் பளிங்கு நிரம்பியிருக்கிறது. ஆசிரியருக்குக் காட்ட வாய்க்கவில்லை. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அதைப் பஞ்சில் பொதிந்து, எமது கல்லூரி விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு இம்மாதம் அனுப்புகிறேன். பக்கத்தில் வைப்பதற்குக் கணவாய் ஓடொன்றை டச்சு பே கரையில் பொறுக்கிக் கொடுக்கும்படி ஊரிலுள்ள நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.