மல்ஹாலண்ட் டிரைவ்: பார்த்தவர்களைப் பார்த்த பதினாறு நாள்

பிப்ரவரி 1, 2025, சனி

போன மாதம் இயக்குநர் டேவிட் லிஞ்ச் இறந்த செய்தி வந்ததிலிருந்து அவருடைய ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு அரிப்பு. எனக்கு இது நாலாவது தடவை. கூட உட்கார்ந்த தங்கைக்கும் நண்பனுக்கும் முதல் தடவை. அதனால் பாதி நேரம் திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விங்கீஸ் உணவக காட்சி வந்தது. ஒருவன் தன் கனவை எதிரில் இருப்பவரிடம் சொல்கிறான். இதே இடம், நீங்கள் அந்தக் கவுண்டர் பக்கம் நிற்கிறீர்கள், கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான், அந்த முகத்தை நான் வெளியே எங்கேயும் பார்த்துவிடக் கூடாது என்கிறான். கேட்டவர் பில் கட்ட எழுந்து போய் சரியாக அந்தக் கவுண்டர் பக்கமே நிற்கிறார். அப்புறம் இருவரும் பின்பக்கம் நடக்கிறார்கள். நல்ல வெயில். என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே நமக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அந்த முகம் வந்ததும் நண்பன் சோபாவிலிருந்து ஒரு சாண் எழும்பினான். தங்கை “ச்சீ” என்றாள். நாலாவது தடவை பார்க்கிற எனக்கும் வயிற்றில் ஏதோ புரண்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வெளிவந்து 24 வருடம் ஆகிறது, இனிமேலும் பொத்திவைக்க முடியாது.)

நேற்று படம் முடிந்ததும் நண்பன் சொன்ன முதல் வார்த்தை “ஏமாத்திட்டான்”. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பெட்டி, ரீட்டா என்று இரண்டு பெண்களோடு ஒன்றிப்போய், ஞாபகம் இழந்தவள் யார் என்று அவனும் சேர்ந்து துப்பறிந்துகொண்டிருந்தான். ஒரு சின்ன நீல டப்பா திறந்தது. பெட்டியாக இருந்த நயோமி வாட்ஸ் டயேனாக எழுந்திருக்கிறார், ரீட்டாவாக இருந்த லாரா ஹாரிங் கமிலாவாகிவிட்டார். அதுவரை சேர்த்துவைத்த துப்பெல்லாம் செல்லாக்காசு.

வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். முன்பகுதி டயேனின் கனவு. காதலித்தவளைக் கொல்ல ஆள் வைத்தவள், தன் வாழ்க்கை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கண்ட கனவு. படத்தின் ஆரம்பத்தில் கேமரா மூச்சுச் சத்தத்தோடு ஒரு தலையணைக்குள் இறங்குகிறதே, அங்கேதான் தொடங்குகிறது. “அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றான். சொல்லியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவன் கோபத்தில் இருந்தான், விட்டுவிட்டேன்.

தங்கை பிடித்துக்கொண்டது வேறு. பெட்டி, வீட்டில் ரீட்டாவோடு வசனம் ஒத்திகை பார்க்கும்போது கத்திக் கோபப்பட்டு நடிக்கிறாள், கடைசியில் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஆடிஷனில் அதே வசனத்தை எதிரில் இருக்கும் ஆளின் காதோரம் கிசுகிசுக்கிறாள். அறையில் ஒருவரும் அசையவில்லை. “ஒரு எழுத்துகூட மாறல. ஆனா வேற ஆளு பேசற மாதிரி இருந்துச்சு” என்றாள். கனவு, நனவு பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

நண்பன் தனியாக இரண்டாவது தடவை பார்த்துவிட்டான். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். டிவிடி வந்தபோது லிஞ்ச் கொடுத்த பத்துக் குறிப்புகள் அவனுக்கு எங்கேயோ கிடைத்திருக்கின்றன. சிவப்பு விளக்குக் கூண்டைக் கவனியுங்கள், மேலங்கியையும் சாம்பல் கிண்ணத்தையும் காபிக் கோப்பையையும் கவனியுங்கள், ரூத் அத்தை எங்கே, இந்த மாதிரி. பதில் சொல்வதுபோலக் கேள்வியைக் கூட்டிவிடுகிற குறிப்புகள். விளக்கம் கேட்டவர்களிடம் கடைசிவரை வாய் திறக்காத மனிதர் வேறு எப்படிக் கொடுப்பார்?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். விங்கீஸ் பரிமாறும் பெண்ணின் பெயர்ப் பட்டையை அவன் கண்டுபிடித்துவிட்டான். முன்பகுதியில் ‘டயேன்’, பின்பகுதியில் ‘பெட்டி’. எனக்கு அது பிடிபட மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு ஒரு முழுப் பக்கம். படத்தின் ஆரம்பத்தில் கார் விபத்து நடந்த இடத்தில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுக் காணாமல் போகிறவர்கள். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி.

பாவமாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிட்டேன். இது முதலில் ஏபிசி தொலைக்காட்சித் தொடருக்காக எடுத்த பைலட், அதாவது மாதிரி முதல் பகுதி. 1999-ல் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுப் பணம் வந்தது, லிஞ்ச் மேற்கொண்டு காட்சிகள் எடுத்துப் படமாக்கினார். அந்தப் போலீஸ்காரர்கள் தொடர் ஓடியிருந்தால் பின்னால் வந்திருக்கலாம். நண்பன் வெகுநேரம் பேசவில்லை. “அப்ப இது குறியீடு இல்ல, மிச்சமா?” என்றான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனவன், கனவிலும் இப்படித்தானே யார் யாரோ வந்துவிட்டுப் போவார்கள் என்று சொல்லி அப்படியே வைத்துக்கொண்டான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

விமர்சகர்களும் இந்தப் படத்திடம் இப்படித்தான் மாட்டினார்கள். லிஞ்சின் ‘ப்ளூ வெல்வெட்’டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்த ராஜர் ஈபர்ட், இதற்கு முழுசாக நாலும் கொடுத்தார். 2016-ல் பிபிசி 177 விமர்சகர்களிடம் கேட்டு 21-ஆம் நூற்றாண்டின் சிறந்த படங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இதற்குத்தான். அந்த 177 பேரும் படம் தங்களுக்குப் புரிந்ததாகச் சத்தியம் செய்தார்களா என்று நண்பன் கேட்டான்.

பிப்ரவரி 15, சனி

பெட்டியும் ரீட்டாவும் போகிற சிலென்சியோ என்ற இரவு அரங்கக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எதற்கோ அறைக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

மேடையில் ஒருவன் இங்கே வாத்தியக் குழு இல்லை, எல்லாம் ஒலிநாடா என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஊதுகிறவன் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்த பிறகும் சத்தம் வருகிறது. அடுத்து ரெபெக்கா டெல் ரியோ வந்து, ராய் ஆர்பிசனின் ‘க்ரையிங்’ பாட்டை ஸ்பானிஷ் மொழியில் பாடுகிறார். துணை வாத்தியம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குக் கீழே ஒட்டிய ஒரு கண்ணீர்த் துளி. பெட்டியும் ரீட்டாவும் அழுகிறார்கள். பாடிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுகிறார். பாட்டு நிற்கவில்லை.

அம்மாவுக்கு ஸ்பானிஷும் தெரியாது, கதையும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அது டேப்பும்மா. அந்த ஆள் முன்னாடியே சொல்லிட்டான்.”

“தெரியுது, நானும்தான் பாத்தேன். கொஞ்சம் பின்னாடி தள்ளி வை, மறுபடி கேக்கணும்.”

வைத்தேன். இந்தத் தடவை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நண்பன் நோட்டோடு வந்தான். மூன்றாவது தடவை, மூவரும் சேர்ந்து. விங்கீஸ் காட்சிக்கு முன்பே குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன். அப்படியும் எழும்பினான்.

அவனுடைய பட்டியலில் இப்போது மிச்சம் இருப்பது சாவிதான். கனவில் முக்கோணமாக, விசித்திரமாக இருக்கும் நீலச் சாவி, நனவில் சாதாரண வீட்டுச் சாவி. வேலை முடிந்ததும் நான் சொன்ன இடத்தில் இது இருக்கும் என்று கொலைகாரன் டயேனிடம் காட்டுகிறான். கடைசிப் பக்கத்தில் நண்பன் பெரிதாக எழுதிவைத்திருந்தான்: ‘சாவி எதைத் திறக்கும்?’

திரையில் டயேனும் அதையேதான் கேட்டாள். கொலைகாரன் பதில் சொல்லாமல் சிரித்தான். தங்கையும் சிரித்துவிட்டாள். நண்பன் பேனாவை மூடி வைத்துவிட்டு, “கொஞ்சம் பின்னாடி போ, அவன் என்ன சொல்றான்னு சரியாக் கேக்கல” என்றான்.