எ மகாடா ஃப்ளாட், ஆன் எஸ்.ஆர்.ஏ. ஃப்ளாட்

மத்திய அரசு வேலைக்கான தேர்வை முதல் தடவை எழுதியபோது, கட் ஆஃபைத் தொட எனக்கு ஒன்றரை மார்க் குறைந்தது. ஆன்சர் கீ வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இங்கிலீஷ் பகுதியில் ஒரு கேள்வி ரொம்பவே உறுத்தியது. வாக்கியத்தில் 'எ எம்.எல்.ஏ.' என்று இருந்தது. எம் மெய்யெழுத்துதானே, அதற்கு முன்னால் 'எ' (a) என்ற ஆர்ட்டிகிள் வருவது சரிதான் என்று விட்டிருந்தேன். 'ஆன் (an) எம்.எல்.ஏ.' என்பதே சரி.

அதற்கான விளக்கம் மும்பையில் எங்கள் தாராவிப் பேச்சிலேயே கிடைத்தது. எங்கள் சந்தில் எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்), மகாடா (மகாராஷ்டிர வீட்டு வசதி ஆணையம்) இரண்டையும் பேசாத நாள் கிடையாது. எஸ்.ஆர்.ஏ.வை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். 'எஸ்' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது உயிரொலி. அதனால் 'ஆன் எஸ்.ஆர்.ஏ. ஃப்ளாட்'. இந்த வகைக்கு இனிஷியலிசம் என்று பெயர். மகாடாவை ஒரே சொல்லாகச் சேர்த்துச் சொல்கிறோம், 'ம' என்று மெய்யில் தொடங்குகிறது. அதனால் 'எ மகாடா ஃப்ளாட்'. இது அக்ரோனிம். நாம் ஏறும் பெஸ்ட் பஸ்ஸின் பெயரும், லேசர், ரேடார் எல்லாமும் இந்த வகைதான்.

இனிஷியலிசம் என்றாலே 'ஆன்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யு.பி.எஸ்.சி.யில் முதல் எழுத்து உயிரெழுத்துதான், ஆனால் 'யூ' என்று ஒலிப்பதால் 'எ' தான் வரும். கண்ணால் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சயானிலிருந்து லோகலில் போகும்போது போர்டுகளை வைத்தே நான் இப்படிப் பழகினேன். மும்பையின் பெரிய ரயில் நிலையமான விக்டோரியா டெர்மினஸ் 1996இல் சி.எஸ்.டி. ஆனது, 2017இல் சி.எஸ்.எம்.டி. ஆனது. அப்பாவுக்கு அது இன்றும் வி.டி.தான். மூன்றுமே 'எ' எடுப்பவை.

அப்புறம் சொல்லைச் சுருக்கும் இன்னொரு வழி, கிளிப்பிங். பெரிய சொல்லை வெட்டி ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொள்வது. எக்ஸாமினேஷனில் தலை மிஞ்சி எக்ஸாம் ஆனது, ஆம்னிபஸ்ஸில் வால் மிஞ்சி பஸ் ஆனது, இன்ஃபுளுயன்சாவில் நடுத்துண்டு மட்டும் நின்று ஃப்ளூ ஆனது. இவற்றுக்குப் பின்னால் புள்ளி வைக்கக் கூடாது. இரண்டு சொற்களை ஒன்றாகக் கலக்கும் பிளெண்டிங்குக்கு ஸ்மோக்கும் ஃபாகும் கலந்த ஸ்மாக், பிரெக்ஃபாஸ்டும் லஞ்சும் கலந்த பிரன்ச் என்று நாலைந்து உதாரணம் தெரிந்தால் போதும்.

எழுத்துகளை விட்டு அபாஸ்ட்ரபி போட்டுச் சுருக்கும் கான்ட்ராக்‌ஷனுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 'ஐ'யை அடுத்து அபாஸ்ட்ரபி போட்டு 'டி' வந்தால் அது 'ஹேட்' (had) ஆகவும் இருக்கலாம், 'வுட்' (would) ஆகவும் இருக்கலாம். அடுத்த சொல்லைப் பாருங்கள். 'கான்' (gone) என்று வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வந்தால் ஹேட், 'கோ' என்று முதல் வடிவம் வந்தால் வுட். 'பெட்டர்' வந்தால், அதற்குப் பின்னால் முதல் வடிவம் இருந்தாலும், அது ஹேட்தான். இரண்டாம் தடவை எழுதியபோது இதிலிருந்து ஒரு கேள்வி வந்தது, யோசிக்காமல் போட்டேன்.